இடதுபுறம் பார்த்த பதினொரு ஃபிரேம்

பர்பாங்க் ஸ்டுடியோவில் ஏழாம் எண் அறைக்கு
ஜன்னல் கிடையாது.
சுவரில் ஒரு பாலம் உறைந்து நிற்கிறது.
பாலத்தில் டெல்மார் ஹ்ருஸ்கா,
பதினேழு வருடம் இளையவராக,
விழுவதற்குச் சற்று முன்னால்.

இங்கே நிறுத்து என்கிறான் கதைக்குழுவின் டோபின்.
பாருங்கள், வில்லன் இடதுபுறம் பார்க்கிறான்.
பதினொரு ஃபிரேம். அரை நொடிகூட இல்லை.
யாரை?

ஒன்பதாம் படத்துக்கு ஓர் எஜமானன் தேவை,
எட்டுப் படங்களையும் இருட்டிலிருந்து ஆட்டிவைத்தவன்.
போன வியாழக்கிழமை இரவு பிறந்தான்,
இரண்டு பீட்சாவுக்கும் ஒரு வெள்ளைப் பலகைக்கும்.
அதற்குள் அவனுக்கு முந்நூறு வயது.

ஆகவே, சாம்பல் நீதிபதி
துறைமுகத்தை எரித்தது வெறுப்பினால் அல்ல.
ரயிலைக் கவிழ்த்தது பழி தீர்க்க அல்ல.
மூன்றாம் படத்தில் அவன் மகள் அழுதாளே,
அதுகூட அப்பா செத்ததற்கு அல்லவாம்.
எல்லாம் உத்தரவு.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு
இழுத்துக் கட்டினால்
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் வேலை தொடர்ச்சி.
எந்தக் கையில் கோப்பை, எந்தக் கன்னத்தில் காயம்,
முந்தைய ஷாட்டில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று
எழுதிவைப்பவள்.
கிடங்கிலிருந்து என் பழைய நோட்டை வரவழைத்தார்கள்,
ஓய்வு பெற்ற என்னையும் அதோடு சேர்த்து.
பச்சை அட்டை. காப்பிக் கறை. பென்சில் எழுத்து:
“காட்சி 114, டேக் 6.
டெ. வசனம் மறந்தார். இடப்பக்கம் பார்த்தார்.
எடுத்துக் கொடுத்தேன்.”

அங்கே நின்றது நான்.
மழை இயந்திரத்துக்குப் பக்கத்தில், சாக்ஸ் நனைந்து,
சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து.
“இந்த நகரம் உன்னை மறந்துவிடும்.”
அதில் மறந்துவிடும் என்பதைத்தான்
அவர் மறந்திருந்தார்.

வாசித்துக் காட்டினேன்.
டோபின் வயிறு குலுங்கச் சிரித்தான்.
பிறகு கதவைச் சாத்தினான்.
நான் நின்ற இடத்தில் இனி
கறுப்பு அங்கியும் உலோக முகமும் வரும்.
கணினி வரையும். மழையையும் அதுவே நனைக்கும்.

மதியம் டெல்மார் வந்தார்.
எழுபத்தொன்று. புது முழங்கால், காதில் கருவி.
ஒலிப்பதிவுக்கு மூன்றே சொற்கள்:
தங்கள் உத்தரவு, பிரபு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
“இது அப்போதே எனக்குத் தெரியுமா?”
“தெரியும் சார்.”
“தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடித்திருப்பேனே.”
“அப்படித்தான் நடித்திருக்கிறீர்கள்.”
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பென்சிலைப் பார்த்தேன்.

மாக்னோலியா சாலையில் சிவப்பு விளக்கு.
டோபினை நான் குறை சொல்ல முடியாது.
வெண்டல் என்னைவிட்டுப் போன வருடம்
பத்தொன்பது வருடங்களையும் ஓட்டி ஓட்டிப் பார்த்தவள் நான்.
மோரோ பேயில் எடுத்த ஒரு புகைப்படத்தில்
அவன் கண் சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது.
இடதுபுறம்.
அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினேன்.
பெயர் வைத்தேன். சிவப்புத் தொப்பி கொடுத்தேன்.
அதற்கு முந்தைய முத்தங்களையெல்லாம்
அவள் உத்தரவுப்படி நடந்தவையாக
மாற்றி எழுதினேன்.

அங்கே ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கலாம்.
அல்லது அவனும் வசனம் மறந்து,
யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்று
பார்த்திருக்கலாம்.
அன்று நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்.

நோட்டை நாளை கிடங்குக்குத் திருப்பித் தர வேண்டும்.
சமையலறை விளக்கில் திறந்து,
ஆறாம் டேக்கின் கீழே,
அடுத்த படத்துக்கு உதவும் என்று எழுதுகிறேன்:
“எஜமானன். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.
மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு, கைப்பிடி கிழிந்தது.
வலது காதில் பென்சில்.
சாக்ஸ் ஈரம்.”